இழுவண்டியும் பாரப் பங்கீடும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும் பொழுது பழக்கமுள்ள வண்டிக்காரர் இரண்டு சொற்களை மறப்பதில்லை. ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். அவற்றைக் கோத்த அச்சு நடுவில் இருக்கிறது. அச்சுக்கு முன்னே மூட்டைகள் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆதலால் நுகம் கழுத்தில் சிறிதளவே அமரும்படி, முன்பாரம் ஒரு பங்கு கூடுதலாக இருக்குமாறு, வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்குவார். ஏற்றம் வந்தால் தாமே முன்னே நகர்ந்து ஏர்க்காலை ஒட்டி அமர்வார். இறக்கம் வந்தால் பின்னுக்குச் செல்வார். அவரிடம் தராசும் இல்லை. கணக்குப் புத்தகமும் இல்லை. ஆயினும் அவர் செய்தது பாரத்தைப் பங்கிடும் கணக்கே ஆகும்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டி, உதியன்குளங்கரை, பாறசாலை ஊர்களின் வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபொழுது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததேயன்றி, போக்குவரத்தைப் பிரிக்கவில்லை. முன்னர் 47 என்ற எண்ணைப் பெற்றிருந்து, இன்று 66 என்ற எண்ணால் வழங்கும் இச்சாலையில் இரு மொழியினரும் இரவு பகலாகச் சென்று வருகின்றனர். செம்மண் மேடுகளின்மீது ஏறியும் இறங்கியும் செல்லும் இச்சாலைகளில் பாரவண்டிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் வேறு இழுவண்டிகள் வந்துள்ளன. கான்கிரீட் கலக்கும் யந்திரம் சிறு லாரியின் பின்னே கட்டி இழுக்கப்படுகிறது. திருவிழாவுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் இரு சக்கரச் சட்டத்தின்மேல் அமர்ந்து ஜீப்பின் பின்னே வருகிறது. டிராக்டர் டிரெயிலரை இழுத்துச் செல்கிறது. இவற்றோடு, வீடு போல் அமைந்த பிரயாண வண்டியாகிய கேரவனும் நம் நாட்டிற்கு வந்துவிட்டது. கேரவன் சுற்றுலாவை வளர்ப்பதற்கென்று கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையையே வெளியிட்டது.

கேரவன்களில் இருவகை உண்டு. தன் யந்திரத்தால் தானே ஓடுவது ஒருவகை. தனக்கென யந்திரம் இல்லாமல், காரின் பின்னோ ஜீப்பின் பின்னோ இணைக்கப்பட்டு இழுபட்டுச் செல்வது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைச் சாலையில் கொண்டு செல்வோர், வண்டிக்காரர் அறிந்திருந்த முன்பாரம், பின்பாரம் என்ற நுட்பத்தை மீண்டும் கற்க வேண்டியவர்களாகின்றனர். அந்த நுட்பத்திற்குத் துணையாக மேனாட்டார் ஒரு கருவியை வழங்கி வருகின்றனர். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பது அதன் பெயர். நாம் அதனைப் பாரப் பங்கீட்டு இணைப்பு என்று கூறலாம். அது என்ன செய்கிறது, எதனைச் செய்ய இயலாது, அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை முறையாகக் காண்போம்.

கொக்கிப் பாரம்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காரின் பின்புறச் சட்டத்தில் ஓர் எஃகுக் குண்டு பொருத்தப்பட்டிருக்கும். இழுவண்டியின் முன்னே நீண்டுள்ள சட்டத்தை, மாட்டு வண்டியின் வழக்கப்படியே, ஏர்க்கால் எனலாம். ஏர்க்காலின் நுனியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் குண்டின்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அப்பொழுது ஏர்க்கால் குண்டைக் கீழ்நோக்கி எவ்வளவு எடையுடன் அழுத்துகிறதோ, அதுவே கொக்கிப் பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும் பாரத்திற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

கொக்கிப் பாரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? இழுவண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இருத்தல் நன்று என்பது அமெரிக்க வழக்கு. அஃதாவது, சாமான்களோடு 1,200 கிலோ எடையுள்ள இழுவண்டிக்கு 120 முதல் 180 கிலோ வரை.

இது மிகக் குறைந்தால் நேர்வது என்ன? பின்பாரம் மிகுந்த இழுவண்டி ஓரளவு வேகம் கண்டவுடன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும் பொழுது எழும் காற்றோ, சாலையின் ஒரு பள்ளமோ, அந்த ஆட்டத்தைத் தொடக்கி வைக்கப் போதுமானது. தொடங்கிய ஆட்டம் தானே அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகி, இறுதியில் காரின் பின்புறத்தையே இழுத்துத் திருப்பிவிடும். பாம்பு தன் வாலைச் சுழற்றுவது போன்ற இந்த ஆட்டத்தில் வண்டிகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்வதுண்டு. ஆதலால் கொக்கிப் பாரத்தைக் குறைத்துக் காரின் சுமையை இலேசாக்கலாம் என்று எண்ணுவது தவறான வழி.

அப்படியானால் கொக்கிப் பாரத்தைத் தாராளமாக வைத்துவிடலாமா? அதிலும் ஓர் இடையூறு இருக்கிறது. பாரப் பங்கீட்டு இணைப்பு தேவைப்படுவது அந்த இடையூற்றுக்காகவே.

முன் சக்கரங்கள் இலேசாவது ஏன்?

கிணற்றுத் துலாவை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் ஊன்றுகால். நீண்ட மரத்தின் ஒரு நுனியைக் கீழே அழுத்தினால் மறு நுனி மேலே எழும். காரும் அவ்வாறே ஒரு துலாவாகிவிடுகிறது. பின் சக்கரங்களின் அச்சே ஊன்றுகால். இணைப்புக் குண்டு அந்த அச்சுக்கும் பின்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே பாரம் அழுத்தும் பொழுது காரின் முன்புறம் மேலே எழ முற்படுகிறது.

இதனை எண்களால் காண்போம். ஒரு காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தொலைவு 270 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பின் அச்சிலிருந்து குண்டு வரை 120 சென்டிமீட்டர். கொக்கிப் பாரம் 150 கிலோ. 150-ஐ 120-ஆல் பெருக்கி 270-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67 வரும். முன் சக்கரங்கள் தாங்கிய எடையிலிருந்து 67 கிலோ நீங்கிவிடுகிறது. அந்த 67 கிலோ மறைந்து போகவில்லை. பின் சக்கரங்களின்மேல் போய் அமர்ந்துவிட்டது. ஆகவே பின் சக்கரங்களுக்கு 150-உம் 67-உம் சேர்ந்து 217 கிலோ கூடிவிடுகிறது. குண்டின்மேல் வைத்தது 150 கிலோ. பின் அச்சு உணர்ந்ததோ 217 கிலோ!

இதனால் வரும் தீமைகள் பல. காரைத் திருப்புவன முன் சக்கரங்கள். பிரேக்கை அழுத்தும் பொழுது பெரும்பங்கு வேலையைச் செய்வனவும் அவையே. அவை தரையை இறுகப் பற்றினால்தான் இவ்விரண்டும் நடைபெறும். எடை குறைந்த சக்கரம் தரையை இலேசாகத் தொடுமேயன்றி இறுகப் பற்றாது. உலர்ந்த சமதரையில் இது வெளிப்படாமல் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், பின்னர் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கின்ற இந்தப் பகுதிச் சாலைகளில், இறக்கத்தோடு கூடிய ஒரு வளைவில் அது வெளிப்படும். ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்புவார். கார் நேரே செல்லும். அந்த வளைவில் மிதிவண்டியில் வருபவரோ, பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளோ இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், முன்புறம் உயர்ந்துவிட்ட காரின் விளக்கொளி சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பின் சக்கரங்களின் டயர்களும் வில்களும் தம் வரம்பை மீறிய சுமையால் சூடேறித் தேய்கின்றன.

கருவியின் அமைப்பும் வேலையும்

பாரப் பங்கீட்டு இணைப்பில் முக்கியமான உறுப்புகள் மூன்று. காரின் சட்டத்தோடு அசையாது பொருந்திய கனத்த தலைப்பகுதி ஒன்று. இணைப்புக் குண்டு இதன் மேலேயே நிற்கிறது. இத்தலையின் கீழே இருபுறமும் உள்ள குழிகளில் செருகப்படும் எஃகு வில்தண்டுகள் இரண்டு. இத்தண்டுகளின் பின்நுனிகளை இழுவண்டியின் ஏர்க்கால் சட்டத்தோடு மாட்டுவதற்குரிய சங்கிலிகளோ தாங்கிகளோ மூன்றாவது உறுப்பு. வில்வண்டியில் அச்சின்மேல் அமைந்த வில் வளைந்து கொடுத்துப் பாரத்தைத் தாங்குவது போல, இத்தண்டுகளும் வளைந்து கொடுக்கும். வளைந்த நிலையில் விசையோடு நிற்கும்.

இது வேலை செய்யும் விதத்தை ஓர் உவமையால் எளிதில் உணரலாம். காரின் பின்புறத்தில் இரண்டு நீண்ட கைப்பிடிகள் பின்னோக்கிப் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒற்றைச் சக்கர மண் வண்டியின் கைப்பிடிகளைத் தொழிலாளி தூக்குவது போல, இருவர் அக்கைப்பிடிகளின் நுனிகளை மேலே தூக்குகின்றனர். காரின் பின்புறம் எழும்; முன்புறம் தாழும். முன் சக்கரங்கள் மீண்டும் தரையில் அழுந்தும். அந்த இருவரும் எங்கே நின்று தூக்குகின்றனர்? இழுவண்டியின் சட்டத்தின்மேல் நின்று தூக்குகின்றனர். ஆதலால் அவர்களுடைய கால்கள் இழுவண்டியைக் கீழே அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு இழுவண்டியின் சக்கரங்களைச் சென்று சேர்கிறது. வில்தண்டுகளே அக்கைப்பிடிகள். இறுக்கிய சங்கிலிகளே தூக்கும் கைகள்.

மேற்கூறிய கணக்கையே தொடர்வோம். இழுவண்டியின் அச்சு குண்டிலிருந்து 450 சென்டிமீட்டர் பின்னே இருக்கிறது. வில்தண்டுகளின் நுனிகள் குண்டிலிருந்து 75 சென்டிமீட்டர் பின்னே சங்கிலியால் மாட்டப்படுகின்றன எனக் கொள்வோம். இரு சங்கிலிகளும் சேர்ந்து ஏறத்தாழ 190 கிலோ விசையுடன் இழுக்குமாறு இறுக்கினால், முன் சக்கரங்கள் இழந்த 67 கிலோவும் முழுமையாகத் திரும்பி வந்துவிடும். பின் சக்கரங்களில் கூடிய சுமை 217 கிலோவிலிருந்து 118 கிலோவாகக் குறையும். எஞ்சிய 32 கிலோ இழுவண்டியின் சக்கரங்களுக்குச் சென்றுவிடும். சங்கிலியை அதில் பாதி விசைக்கே இறுக்கினால், முன் சக்கரங்களில் 33 கிலோ குறைவும், பின் சக்கரங்களில் 167 கிலோ கூடுதலும், இழுவண்டிச் சக்கரங்களில் 16 கிலோ கூடுதலும் நிற்கும்.

இக்கணக்கில் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். 118-உம் 32-உம் சேர்ந்தால் 150. குறைவையும் கூடுதலையும் கூட்டிக் கழித்தால் பாதி இறுக்கத்திலும் வருவது அதே 150 தான். கருவி ஒரு கிலோவையும் குறைக்கவில்லை. ஒரே இடத்தில் குவிந்ததை மூன்று அச்சுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது, அவ்வளவே.

கருவியால் இயலாதவை

ஆகவே இக்கருவியைப் பொருத்திவிட்டால் கார் இன்னும் அதிக எடையை இழுக்கலாம் என்று கருதுவது பிழை. காரைச் செய்தவர்கள், அது இழுக்கத்தக்க எடைக்கு ஒரு வரம்பு வகுத்திருப்பர். யந்திரத்தின் வலிமை, பிரேக்கின் ஆற்றல், சட்டத்தின் உறுதி ஆகிய யாவற்றையும் கருதி வகுத்த அவ்வரம்பு இக்கருவியால் ஒரு சிறிதும் உயராது. இழுவண்டி கனமானதாயின் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்ற தேவையும் மாறாது.

இரண்டாவதாக, சாமான்களைத் தவறாக அடுக்கிய குற்றத்தை இக்கருவி தீர்க்காது. பின்பாரம் மிகுந்த வண்டியின் ஆட்டத்தை வில்தண்டுகளால் மட்டும் அடக்க முடியாது. ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வு அமைப்புகள் சில இணைப்புகளில் சேர்ந்தே வருகின்றன. அவையும் ஓரளவிற்கே துணை செய்யும். முதல் மருந்து சரியாக அடுக்குவதே.

அடுக்கும் முறையை இரண்டு விதிகளில் அடக்கலாம். கனத்த பொருள்களை அச்சுக்கு அருகில், தாழ்வாக வைக்க வேண்டும். மொத்தத்தில் முன்பக்கம் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சமமாகவே இருப்பினும், இரு கோடிகளிலும் கனத்தை வைப்பது நல்லதன்று. காவடித் தண்டின் இரு முனைகளிலும் சுமை தொங்கும் பொழுது அது தோளில் சமநிலையில்தான் நிற்கிறது. ஆயினும் ஒரு முறை சுழலத் தொடங்கினால் அதனை நிறுத்துவது கடினம். அதே சுமையைத் தோளுக்கு அருகில் கொண்டுவந்தால் எளிதில் அடங்கும். இழுவண்டியின் பின் கோடியில் மிதிவண்டிகளை மாட்டுவதும், முன் கோடியில் அதற்கு ஈடாகக் கனத்த பெட்டிகளை வைப்பதும் காவடியின் இயல்பை வருவிக்கும் செயல்களே.

பொருளை இடம் மாற்றுவதால் விளையும் பயனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாம் கூறிய 1,200 கிலோ வண்டியில் கொக்கிப் பாரம் 80 கிலோ மட்டுமே இருக்கிறது. இது நூற்றுக்கு 7 பங்கும் இல்லை. அச்சுக்கு 200 சென்டிமீட்டர் பின்னே இருந்த 60 கிலோ சாமானை அச்சுக்கு 100 சென்டிமீட்டர் முன்னே மாற்றி வைக்கிறோம். 60-ஐ 300-ஆல் பெருக்கி 450-ஆல் வகுக்க 40 வரும். கொக்கிப் பாரம் 120 கிலோவாகிவிட்டது. செலவு ஏதுமின்றி நூற்றுக்கு 10 பங்கை அடைந்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டியையும் மறத்தலாகாது. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை. தொட்டி அச்சுக்கு முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்று அறிந்தே அதனை நிரப்ப வேண்டும்.

ஐரோப்பியர் வேறு வழி பின்பற்றுகின்றனர். அங்கே கொக்கிப் பாரம் மிகக் குறைவு. பிரிட்டனில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு என்று கூறுவது வழக்கம். ஆதலால் பாரப் பங்கீட்டு இணைப்பு அங்கே அதிகம் வழங்கவில்லை. குறைந்த கொக்கிப் பாரத்திற்கு ஏற்றபடி வண்டிகளை அமைப்பதோடு, வேகத்தையும் கட்டுப்படுத்துகின்றனர். ஜெர்மனியில் இழுவண்டியுடன் செல்லும் காருக்குப் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்; தனி அனுமதி பெற்றவை மட்டும் 100 வரை செல்லலாம். ஆகவே எந்த நாட்டு முறைப்படி செய்த வண்டியோ, அந்த முறைக்குரிய அளவையே கைக்கொள்ள வேண்டும். ஒன்றின் கொக்கிப் பாரத்தையும் மற்றொன்றின் வேகத்தையும் சேர்த்துக்கொள்வது ஆபத்து.

பொருத்தும் முறை

கருவியைப் பொருத்துமுன் காரோடு வந்த கையேட்டைப் படித்தல் அவசியம். சில கார்களுக்குப் பாரப் பங்கீட்டு இணைப்பு ஆகாது என்று அவற்றைச் செய்தவர்களே விலக்கியிருக்கின்றனர். கொக்கிப் பாரத்தை வைத்தே வில்தண்டுகளின் வலிமையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மிக வலிய தண்டு வளைந்து கொடாமல் சட்டத்தை முறுக்கும். மெலிந்த தண்டு வேலை செய்யாது.

கார், இழுவண்டி இரண்டையும் சமதரையில், பிரயாணத்திற்குரிய முழுச் சுமையோடு நிறுத்துக. இழுவண்டியை இணைக்குமுன், காரின் முன் சக்கரத்திற்கு மேலுள்ள வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்க. அது 80 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அடுத்து, வில்தண்டுகளை மாட்டாமல் இழுவண்டியை மட்டும் இணைத்து மறுபடியும் அளக்க வேண்டும். இப்பொழுது 83 சென்டிமீட்டர் இருக்கலாம். முன்புறம் 3 சென்டிமீட்டர் எழும்பிவிட்டது என்பது பொருள். மூன்றாவதாக, வில்தண்டுகளை மாட்டி இறுக்கியபின் அளக்க வேண்டும். 81.5 சென்டிமீட்டருக்கு இறங்கினால் பாதி எடை திரும்பியது. 80-க்கு இறங்கினால் முழுதும் திரும்பியது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் காரின் கையேடு கூறும். பாதியளவு போதும் என்று கூறும் கையேடுகளும் உண்டு. முழுதும் வேண்டும் என்பனவும் உண்டு. எதுவாயினும் 80-க்கும் கீழே இறக்குதல் கூடாது. முன்புறம் அளவுக்கு மீறி அழுந்தினால் பின் சக்கரங்கள் பற்று இழந்து, வளைவில் கார் பின்புறமாக வழுக்கும்.

அளவுகோலை மட்டும் நம்பாமல் எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பது இன்னும் நன்று. லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுக்கலாம். தனிக் கார், இணைத்த கார், தண்டுகளை இறுக்கிய கார் என மூன்று முறை நிறுத்தால் மூன்று எண்கள் கிடைக்கும். அவை கூறும் செய்தியில் ஐயத்திற்கு இடமில்லை.

தண்டுகளை மாட்டும் பொழுது கைகளையும் முகத்தையும் காத்துக்கொள்ள வேண்டும். இறுகிய வில்தண்டு நழுவினால் எலும்பை முறிக்க வல்லது. அதனால், கிண்ணம் குண்டின்மேல் பூட்டியபின், ஏர்க்காலில் உள்ள ஜாக்கியால் காரின் பின்புறத்தையும் சேர்த்துச் சிறிது உயர்த்துக. அப்பொழுது தண்டுகள் தளர்ந்து எளிதில் மாட்டும். மாட்டியபின் ஜாக்கியை இறக்கினால் அவை தாமே இறுகிக்கொள்ளும். கழற்றும் பொழுதும் முதலில் உயர்த்தித் தளர்த்தியபின்னரே சங்கிலியைத் தொட வேண்டும். இவற்றிற்கு அப்பால், இணைப்பு அறுந்தாலும் இழுவண்டி ஓடிவிடாதபடி இரண்டு காவற்சங்கிலிகளை ஏர்க்காலின் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூட்டுதல் வேண்டும்.

கிராமச் சாலைகளில் கவனிக்க வேண்டியவை

நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் இடங்களில் சாலை திடீரென்று மேலேறுவதும் பள்ளத்தில் இறங்குவதும் இந்தப் பக்கத்தில் சாதாரணம். கார் மேட்டில் ஏறி, இழுவண்டி இன்னும் பள்ளத்தில் நிற்கும் நிலையில் இரண்டிற்கும் இடையே கோணம் மடங்குகிறது. வில்தண்டுகளின் இறுக்கம் அளவு கடந்து ஏறுகிறது. அந்நிலையில் தண்டோ சட்டமோ வளையலாம். அத்தகைய திருப்பத்தில் நுழையுமுன் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தண்டுகளைக் கழற்றிவிட்டு, மெல்ல நடை வேகத்தில் கடத்தல் நல்லது. பின்னோக்கிச் செலுத்திக் கூர்மையாகத் திருப்பும் பொழுதும் அவ்வாறே. கழற்றிய தண்டுகளை நெடுஞ்சாலை ஏறுமுன் மறவாமல் மாட்டிக்கொள்ள வேண்டும்.

செல்லும் வழியில் இழுவண்டி ஆடத் தொடங்கினால் செய்ய வேண்டியது யாது? வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிமிர்த்த முயலலாகாது. காரின் பிரேக்கைத் திடீரென அழுத்துவதும் ஆகாது. திருப்பும் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, யந்திரத்தின் வேகத்தை மெல்லத் தளர்த்த வேண்டும். இழுவண்டிக்குத் தனியே கைப்பிடி பிரேக் இருந்தால் அதனை மட்டும் இலேசாக இயக்கலாம். வண்டி நின்றபின் சாமான்களை மாற்றி அடுக்காமல் பிரயாணத்தைத் தொடர்தல் கூடாது.

டிராக்டர் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பாரப் பங்கீட்டு இணைப்பு டிராக்டருக்கென ஏற்பட்டதன்று. ஆனால் விதி ஒன்றே. இரு சக்கர டிரெயிலரில் முன்பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் ஏற்றத்தில் தரையை விட்டு எழும். அதற்காகவே டிராக்டரின் முன்புறத்தில் இரும்பு எடைகளைப் பூட்டுகின்றனர். டிரெயிலரை அதற்குரிய தாழ்ந்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே உயரமான இடத்தில் மாட்டி இழுத்தால், டிராக்டர் முன்புறம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். ஏர்க்காலின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்வதும் உயிரோடு விளையாடுவதே ஆகும். ஜெனரேட்டரையும் கலவை யந்திரத்தையும் இழுப்போர், அவை கொக்கியை அழுத்துகின்றனவா, மேலே தூக்குகின்றனவா என்று புறப்படுமுன் ஒரு முறை பார்த்தல் வேண்டும். மேலே தூக்குமானால் பின்பாரம் மிகுந்துவிட்டது என்று அறிக.

இறுதியாக, சட்டம் பற்றியும் கூற வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்ற சொல்லிலேயே இழுவண்டியையும் அடக்கிவிடுகிறது. யந்திரம் இல்லாவிடினும் அது சட்டத்தின் பார்வையில் ஒரு வாகனமே. தனிப் பதிவும் தனி எண்ணும் அதற்கு உரியவை. களியக்காவிளையில் எல்லையைக் கடந்தாலும் இந்த மத்தியச் சட்டம் மாறுவதில்லை. சாலையின் மேடு பள்ளமும் மாறுவதில்லை.

புறப்படும் நாளில் நாம் செய்ய வேண்டுவன மிகச் சில. இழுவண்டியின் மொத்த எடை, கொக்கிப் பாரம், முன் சக்கர வளைவின் உயரம் ஆகிய மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கலாம். சாமான்களை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைச் சரிபார்க்கலாம். இதற்குக் கால் மணி நேரம் போதும். வண்டியில் செல்வோர் மட்டுமன்றி, சாலையோரத்தில் நடந்து செல்வோரும் அந்தக் கால் மணி நேரத்தின் காவலில் இருக்கின்றனர்.